கதவு திறந்திருந்தும் அவள் ஏன் போகவில்லை?

கேள்வி: நாகர்கோவிலில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எதிர்காலத்தில் நடக்கும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் பதினைந்து வயதுப் பெண். பிறந்தது முதல் அவள் வாழ்க்கை முழுவதும் நேரலையாக ஓடுகிறது, நாடே அதைப் பொழுதுபோக்காகப் பார்க்கிறது. அரசில் ஒரு கண்காணிப்புத் துறை, கறுப்புச் சீருடைக் காவலர்கள் எல்லாம் உண்டு. படித்த நண்பர்கள் மூன்று கேள்வி கேட்கிறார்கள். அவள் ஏன் ஓடிப்போகவில்லை? சட்டம் இதை எப்படி விடும்? இப்படியெல்லாம் உண்மையில் நடக்குமா?

பதில்:

மூன்றாவது கேள்வியில் தொடங்குகிறேன். இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. அதுவும் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே.

1934 மே 28 அன்று கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஓர் ஏழை விவசாயி வீட்டில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தார்கள். டியோன் சகோதரிகள். ஐந்து பேரும் பிழைத்ததே அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். கொஞ்ச நாளிலேயே சிகாகோ கண்காட்சியில் அவர்களைக் காட்சிக்கு வைக்க ஆள் வந்துவிட்டது, அப்பாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். உடனே மாகாண அரசு குறுக்கே புகுந்தது. குழந்தைகளைச் சுரண்டலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, பெற்றோரிடமிருந்து வாங்கித் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. பிறந்த வீட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், அவர்களுக்கென்று ஒரு காப்பகம் கட்டினார்கள். அப்புறம் அதன் விளையாட்டு முற்றத்தைச் சுற்றிப் பார்வையாளர்களுக்கு நடைவழி வந்தது. வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியும், உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியாது. அப்படி ஒரு திரை. தினமும் குறித்த நேரத்துக்குக் குழந்தைகளை விளையாட விடுவார்கள். ஜனம் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போகும். 1943 வரை கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் பார்த்தார்கள். பக்கத்திலேயே நினைவுப்பொருள் கடைகள், அதில் அப்பாவுடைய கடையும் ஒன்று. சோப்பு, ஓட்ஸ் விளம்பரங்களில் அந்த முகங்கள். 1998இல்தான், அப்போது உயிரோடிருந்த மூன்று சகோதரிகளுக்கு ஒண்டாரியோ அரசு 40 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது.

இந்தக் கதையில் கறுப்புச் சீருடை எங்காவது வருகிறதா? நர்சுகள் வருகிறார்கள், டாக்டர் வருகிறார், குழந்தைகள் மேல் நிஜமான பிரியம் வைத்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் வருகின்றன. ஆரம்பம் காப்பாற்றுவதில். அதனால்தான் ஒன்பது வருஷம் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. உங்கள் நாவலிலிருந்து கண்காணிப்புத் துறையையும் காவலர்களையும் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. அவர்கள் இருக்கும்வரை வாசகர் எதிரியை அங்கே வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்.

இப்போது ஓடிப்போவது பற்றி. ஜப்பானில் 1998 தொடக்கத்தில், நசுபி என்ற மேடைப்பெயர் கொண்ட ஓர் இளம் நகைச்சுவை நடிகரை ஒரு சிறிய அறையில் கொண்டுபோய் விட்டார்கள். உடுத்த எதுவும் இல்லை. பத்திரிகைகளின் பரிசுப் போட்டிகளுக்கு எழுதிப்போட்டு, வரும் பரிசை வைத்தே வாழ வேண்டும். பரிசுகளின் மதிப்பு 10 லட்சம் யென்னைத் தொட்டால் வெளியே வரலாம். படம்பிடிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது அப்போதே வாராவாரம் ஒளிபரப்பாகி நாடே சிரிக்கிறது என்பது தெரியாது. இலக்கைத் தொட்டதும் கொரியாவுக்குக் கூட்டிப்போய், இன்னொரு அறையில் மறுபடி அதே பாடு. மொத்தம் ஏறக்குறைய 15 மாதம். அறைக்கதவு பூட்டப்படவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவுக்கும் அவர் வளர்ந்த மனிதர், வெளி உலகத்தை அறிந்தவர். உங்கள் கதாநாயகியோ பிறந்தது முதல் கேமராவுக்கு முன்னால் இருப்பவள். பார்வையாளர் இல்லாத ஒரு நாள் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. "ஏன் ஓடவில்லை" என்று கேட்கும் நண்பர்கள் தங்களை அவள் இடத்தில் வைத்துக் கேட்கிறார்கள். அவளுக்கு ஓட வேண்டும் என்று தோன்றுவதே ஒரு பெரிய சம்பவம். அந்த எண்ணம் முளைப்பதற்கே உங்களுக்குப் பாதி நாவல் ஆகும்.

கண்காணிப்பு பற்றிப் பேசினால் எல்லோரும் ஜெரமி பெந்தமின் சிறைச்சாலைத் திட்டத்தில் தொடங்குவார்கள். 1791இல் அவர் வெளியிட்டது. நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது, அதனால் எப்போதும் ஒழுங்காக இருப்பான். ஒருவர் பலரைப் பார்க்கும் ஏற்பாடு அது. நார்வே சமூகவியலாளர் தாமஸ் மாத்தீசன் 1997இல் ஒரு விஷயம் சுட்டிக்காட்டினார். பெந்தம் சொன்னது வளர்ந்த அதே காலத்தில்தான் இதற்கு நேரெதிரான இன்னொன்றும் வளர்ந்தது, பலர் சிலரைப் பார்ப்பது. பத்திரிகை, சினிமா, தொலைக்காட்சி எல்லாம் அந்த வகை. உங்கள் சமூகத்தில் இரண்டும் ஒரே கம்பியில் ஓட வேண்டும். கோடிப் பேர் அவளைப் பார்க்கிறார்கள். அந்தக் கோடிப் பேரில் யார் எந்த நொடியில் நிறுத்தினார், எங்கே திரும்பிப் பார்த்தார், எப்போது விலகிப்போனார் என்று நேரலையை நடத்தும் நிறுவனம் பார்க்கிறது. அவள் அழுத இடத்தில் கூட்டம் கூடியது என்று மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒரு வரைபடம் வருகிறது. யாரும் அவளை அழச் சொல்லவில்லை. வரைபடம் மட்டும் வருகிறது. இதில் கற்பனை கொஞ்சம்தான்; இன்று யூடியூப் சேனல் வைத்திருக்கும் எவரும் எந்த நொடியில் ஆட்கள் கழன்றுகொண்டார்கள் என்று பார்க்க முடியும்.

அடுத்தது வீட்டுக் கணக்கு. கடற்கரை ஊர் என்கிறீர்கள், ஆனால் நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று ஒரு வரிகூட இல்லை. இதை விடாதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகில் பங்குக்குப் போகும் அப்பாவுக்கு அந்த நாட்களில் வருமானம் கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் அதுதான். நோட்டு, சீருடை, பஸ் செலவு, வட்டிக்காரர். சேனல் பணம் அப்போதுதான் வீட்டுக்குள் முதலில் நுழைந்திருக்கும். இன்றைய யூடியூப் கணக்குப்படி, வழக்கமான நீள வீடியோவின் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. அம்மா பேராசைக்காரி என்று எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. இரண்டு தடைக்காலம் பட்டினியில்லாமல் கழித்த ஒரு தாய் மூன்றாவது தடைக்காலத்தில் கேமராவை அணைப்பாளா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அவள் அணைக்கமாட்டாள். அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். கதவு திறந்திருந்தும் அவள் உட்கார்ந்திருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

பேச்சு வழக்கைக் கவனியுங்கள். வெளியூர்க்காரருக்கு நம்முடைய "லே"யும் "மக்ளே"யும் கேட்கக் கேட்க இனிக்கும். அதனால் அவளை அதையே இன்னும் கொஞ்சம் கூட்டிப் பேசச் சொல்வார்கள். கடற்கரைப் பேச்சும் மார்த்தாண்டம் பேச்சும் நாஞ்சில் நாட்டுப் பேச்சும் வேறு வேறு என்பது பார்வையாளருக்குத் தெரியாது. மூன்றையும் கலந்து, எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு தமிழை அவள் வாயில் வைப்பார்கள். பதினைந்து வயதில் அவளுக்கே எது தன் பேச்சு என்று குழம்பும். தோழியோடு சண்டை வரும்போது அவள் எந்தத் தமிழில் திட்டுவாள் என்று முடிவு செய்துகொண்டு எழுதுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கே உங்களுக்கு நிறைய கிடைக்கும்.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, அடுத்த வருஷம் விதிகள் வந்தன. 14 வயது நிறையாத குழந்தையைப் படப்பிடிப்பில் நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் உங்கள் பெண்ணுக்கு வயது பதினைந்து. ஐந்து மணி நேரக் கணக்கு அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவள் பத்து வயதில் இருந்தபோதும் சிக்கல்தான். தயாரிப்பாளர், படக்குழு, படப்பிடிப்புத் தளம் என்று நினைத்து எழுதிய விதிகள் அவை. சமையலறையில் அம்மா கையில் இருக்கும் போனை மனதில் வைத்து எழுதியவை அல்ல. போதாததற்கு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அதே சட்டத்தில் விலக்கும் இருக்கிறது. இது எங்கள் குடும்பத் தொழில் என்று ஒருவர் சொல்லிவிட்டால்? உங்கள் எதிர்கால அரசு புதிதாக எந்தக் கொடுஞ்சட்டமும் இயற்ற வேண்டாம். இந்த ஒரு விலக்கைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் முடிந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குள் இருப்பவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது. இதில் நாவலாசிரியர் கண் வைக்க வேண்டிய இடம் பெற்றோரின் சம்மதம். சம்மதம் தரவேண்டியவரே படம்பிடிப்பவராக இருந்தால் பிள்ளைக்காகப் பேச யார் மிச்சம்? யூடியூப் 2025 ஜூலையில், தனியாக நேரலை செய்வதற்கான குறைந்தபட்ச வயதை 16 ஆக்கியது. அதற்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பாதுகாப்புக்காக வந்த விதிதான், நல்ல விதிதான். உங்கள் கதையில் அது அம்மாவை இருபத்துநாலு மணி நேரமும் மகள் பக்கத்திலேயே உட்கார வைக்கும். அம்மாவும் சிறையில்தான் இருக்கிறாள் என்பதைக் காட்ட இதைவிட நல்ல வழி கிடைக்காது.

வெளிநாடுகளில் கொஞ்சம் முன்னே போயிருக்கிறார்கள். பிரான்சில் 2020 அக்டோபர் சட்டப்படி 16 வயதுக்குட்பட்ட வீடியோக் குழந்தைகளின் வருமானத்தை அவர்களுக்காகப் பூட்டி வைக்க வேண்டும். வீடியோவை நீக்கச் சொல்லிக் குழந்தையே கேட்கலாம், பெற்றோர் ஒப்புதல் தேவையில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல், குடும்ப வீடியோக்களில் வரும் குழந்தைக்குப் பங்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும். இந்த இரண்டில் எனக்கு முக்கியமாகப் படுவது பிரான்சின் நீக்கும் உரிமைதான். பணம் வாங்கிக்கொண்டாலும் காட்சி அங்கேயே இருக்கும்.

அப்புறம், கதைக்களம் குமரி என்றால் ஒன்றை விடவே கூடாது. யாருடைய உடம்பை யார் எப்படிப் பார்க்கலாம் என்று அதிகாரம் தீர்மானித்ததும், அதை எதிர்த்துப் பெண்கள் அடிபட்டு நின்றதும் இந்த மண்ணில்தான். தோள்சீலைப் போராட்டம். நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற திருவிதாங்கூர் வழக்கத்துக்கு எதிராகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் நடந்த சண்டை. 1859 ஜூலையில்தான் அரசர் அணியலாம் என்று அறிவித்தார், அதுவும் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது என்ற நிபந்தனையோடு. சந்தையில், தெருவில், ஆயிரம் கண்ணுக்கு முன்னால் ஒரு துணித்துண்டுக்காக இந்த ஊர்ப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. உங்கள் நாவலின் ஊரில் அந்த வரலாறு பாடப்புத்தகத்தில் இருக்கட்டும். அவள் வகுப்பில் அந்தப் பாடம் நடக்கும்போதும் கேமரா ஓடிக்கொண்டிருக்கட்டும். டீச்சர் நேரலைக்கு ஏற்ற மாதிரி அந்தப் பாடத்தை நடத்துகிறாரா, அவளைப் பார்த்து நடத்துகிறாரா என்பதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால் பழைய பாட்டிமாரின் வலியை உங்கள் கதைக்கு அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கேட்டது மூடிக்கொள்ளும் உரிமை. இவளும் அதையேதான் கேட்கிறாள்.

ஒளிந்துகொள்ள இடம் எங்கே? திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், வட்டக்கோட்டை, 2024 டிசம்பர் 30இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், எங்கே போனாலும் நூறு கைகளில் போன். அவளுடைய சொந்தக் கேமராவை உடைத்துப் போட்டாலும் யாரோ எடுக்கும் படத்தின் ஓரத்தில் அவள் இருப்பாள். சுற்றுலா மாவட்டத்தின் தலைவிதி இது. நம் மாவட்டத்தில் உண்மையாகவே யாரும் பார்க்க முடியாத இடம் ஒன்றுதான், ஆழ்கடல். தூத்தூர் பக்கத்துப் படகுகள் வாரக்கணக்கில் போகின்றன. கரையிலிருந்து கொஞ்சம் விலகினாலே போனில் சிக்னல் போய்விடும்.

இங்கேதான் உங்கள் கதையின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவள் அப்பா அந்தப் படகில் போகிறவர். இருபது நாள் கடலில். அந்த இருபது நாளும் அவளைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். கரைக்கு வந்ததும், "என்ன மக்ளே விசேஷம்?" என்று கேட்கிறார். அது நிஜமான கேள்வி, ஏனென்றால் அவருக்குத் தெரியாது. மற்ற எல்லோரும், ஆத்தாள் (பாட்டி) முதல் வகுப்புத் தோழி வரை, அவள் சொல்ல வாயெடுக்கும் முன்பே பார்த்துவிட்டவர்கள். தனக்கு நடந்ததைத் தன் வாயால், தன் வரிசையில், வேண்டாததை விட்டுவிட்டுச் சொல்ல அவளுக்கு வாய்க்கும் ஒரே காது அப்பாவுடையது. அவள் பொய்கூடச் சொல்லலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்பாவிடம் ஒரு சின்னப் பொய் சொல்லும் சுதந்திரம் எவ்வளவு பெரிதென்று உங்கள் நாவல் வாசகருக்குப் புரியவைத்தால் போதும்.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை ஒதுக்கினால் கதை பொய்யாகிவிடும். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் வந்தது. எச்சரிக்கை வருவதற்குள் படகுகள் ஆழ்கடலில் இருந்தன, தகவல் சொல்ல வழியில்லை. நம் கடற்கரை ஊர்களில் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை என்பது உங்களுக்கே தெரியும். படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி வேண்டும் என்று அதற்குப் பிறகு இங்கே எழுந்த குரல் உயிர்க்குரல். சிக்னல் இல்லாத கடல் விடுதலை என்று கரையில் உட்கார்ந்துகொண்டு அழகாக எழுதிவிட முடியாது. அந்த அம்மா தன் புருஷன் படகில் கருவி வேண்டும் என்று போராடுவாள், போராடத்தான் வேண்டும். கருவி வருகிறது. அதே இணைப்பில் சேனலும் வருகிறது. அடுத்த முறை அப்பா கரைக்கு வரும்போது அவர் எதுவும் கேட்கவில்லை, பார்த்துவிட்டார். யார்மேல் கோபப்படுவது? புயலில் ஆள் எங்கே என்று தெரிவதற்கான கருவி காப்பாற்ற வருபவருக்குச் செய்தி சொல்கிறது. மகளின் கேமரா எல்லாவற்றையும் சொல்கிறது, ஆனால் எவரும் அவளுக்காக எழுந்து வரமாட்டார்கள். இந்த வேறுபாட்டை யாரும் வசனமாகப் பேச வேண்டாம். அப்பா அந்த முதல் மாலை வீட்டுக்குள் நுழைந்து என்ன செய்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.

முடிவு பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஓடிப்போகும் முடிவு வேண்டாம், செத்துப்போகும் முடிவு அறவே வேண்டாம். பதினெட்டாம் பிறந்தநாளுக்குக் கொண்டுபோங்கள். அன்று முதல் பெற்றோரின் சம்மதம் செல்லாது, அவளுடைய சம்மதம்தான். சேனல் மாபெரும் விழாவாக அறிவித்திருக்கிறது, கோடிக்கணக்கான பேர் காத்திருக்கிறார்கள். அவள் ஒரு நீக்கல் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். பதினெட்டு வருஷக் காட்சிகள். எதை நீக்கச் சொல்வாள்? கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் குர்பானையை? இறந்துபோன ஆத்தாளின் ஒரே பதிவு அதில்தானே இருக்கிறது? எல்லாவற்றையும் அழித்தால் அவளிடம் குழந்தைப் பருவத்தின் ஒரு படம்கூட மிஞ்சாது. அந்த விண்ணப்பத்தை வரிவரியாக அவள் நிரப்பும் அத்தியாயத்தை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் பின்னாலிருந்து கதையைக் கட்டுங்கள். எழுதியதும் அனுப்புங்கள், படித்துவிட்டுப் பேசலாம்.